மேயர் என்பவர் யார்? சொல் வந்த வழியும் பதவியின் அளவும்

கிருஷ்ணன்கோவிலில் இருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் வெவ்வேறு வகை உள்ளாட்சி அமைப்புகளைப் பார்த்துவிடலாம். சுற்றியுள்ள சிற்றூர்கள் ஊராட்சிகள். வத்திராயிருப்பு பேரூராட்சி. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் நகராட்சிகள். சிவகாசி 2021 முதல் மாநகராட்சி. பக்கத்திலிருந்த திருத்தங்கல் நகராட்சியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு உயர்ந்தது. ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் அட்டவணையாக வருவது முழுவதும் இங்கே கண்ணெதிரே இருக்கிறது. உள்ளாட்சிப் பாடம் நடத்துவதற்கு இதைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த வசதியே ஒரு கேள்வியையும் கொண்டுவருகிறது. எங்கள் பகுதி மாணவர்கள் மூன்று சொற்களைக் கேட்டு வளர்கிறார்கள். ஊராட்சியில் இருப்பவர் 'பிரசிடெண்டு'. நகராட்சியில் இருப்பவர் 'சேர்மன்'. சிவகாசியில் இருப்பவர் 'மேயர்'. "இதில் யார் சார் பெரியவர்?" என்று கேட்கிறார்கள். மேயர்தான் பெரியவர் என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். பதவியேற்பு நாளில் நாளிதழில் வந்த அங்கி, சங்கிலி, செங்கோல் படங்கள் அவர்கள் மனதில் நிற்கின்றன. சொல்லின் பொருளை வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் மிகச் சரி. அதிகாரத்தை வைத்துப் பார்த்தால் அவ்வளவு சரியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் நாம் வகுப்பில் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர் என்ற பட்டம்

லத்தீன் மொழியில் 'மையோர்' என்றால் 'இன்னும் பெரியவர்' என்று பொருள். பிரெஞ்சில் அது 'மேர்' ஆனது. ஆங்கிலத்துக்குப் போய் 'மேயர்' ஆனது. இராணுவத்தில் 'மேஜர்' என்ற பதவியும், 'மெஜாரிட்டி' என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்தவையே. தென்மாவட்ட ஊர்களில் 'பெரியதனம்', 'பெரியதனக்காரர்' என்று ஊர்த் தலைவர்களைச் சொல்லும் வழக்கு உண்டு. பொருள் அளவில் மேயரும் பெரியதனக்காரரும் ஒன்றுதான்! இதைச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு எழும். அதன் பிறகு அந்தச் சொல் மறக்காது.

மற்ற இரண்டு சொற்களையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். 'பிரசிடெண்ட்' என்றால் லத்தீனில் முன்னால் அமர்பவர். 'சேர்மன்' நாற்காலியில் இருப்பவர். மூன்று சொற்களில் எதுவும் 'ஆள்பவர்' என்று சொல்லவில்லை.

ஐரோப்பாவில் இந்தப் பட்டம் முதலில் நகரத்தைச் சேர்ந்ததாகவும் இல்லை. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் பிராங்கு அரசர்களின் அரண்மனையை நிர்வகித்தவருக்கு 'வீட்டின் பெரியவர்' என்ற பொருளில் இந்தப் பெயர் இருந்தது. வீட்டு நிர்வாகி மெல்ல மெல்ல நாட்டையே நிர்வகிக்கத் தொடங்கினார். 751இல் அப்படி ஒரு நிர்வாகியான பெப்பின், அரசரை இறக்கிவிட்டுத் தானே அரசரானார். பெயரளவில் அரசர் ஒருவர், வேலை பார்ப்பவர் இன்னொருவர் என்ற நிலை எவ்வளவு பழையது பாருங்கள். பின்னால் நம் மாநகராட்சிகளுக்கு வரும்போது இது தலைகீழாகத் திரும்பி நிற்பதைக் காணலாம்.

நகரத்துக்கு மேயர் என்ற வழக்கத்துக்கு நமக்கு நெருங்கிய முன்மாதிரி லண்டன். ஹென்றி ஃபிட்ஸ்-ஆல்வின் என்பவர் 1189 வாக்கில் அதன் முதல் மேயரானார். 1215இல் ஜான் மன்னர், ஆண்டுதோறும் தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமையை லண்டன் நகரத்தாருக்குச் சாசனமாக எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டில்தான் மாக்னா கார்ட்டாவும் வந்தது. அதை மன்னர் மீறாமல் பார்த்துக்கொள்ள அமைக்கப்பட்ட 25 பேரில் லண்டன் மேயரும் ஒருவர், மற்றவர்கள் பிரபுக்கள். வணிகர்களின் நகரம் ஒன்று, மன்னரோடு பேசுவதற்குத் தன் சார்பில் ஒரு ஆளை நிறுத்தியது; மேயர் பதவியின் தொடக்கம் இதுதான். மன்னருக்குப் பணம் தேவை, நகரத்துக்கு உரிமை தேவை. இரண்டும் கைமாறும் இடத்தில் மேயர் நின்றார்.

சென்னைக்கு மேயர் வந்த கதை

பணமும் உரிமையும் கைமாறும் இந்தக் கதை சென்னையிலும் அப்படியே நடந்தது. பலரும் இதை 'இந்தியாவின் பழமையான மாநகராட்சி' என்ற ஒரு வரியோடு கடந்துவிடுகிறோம். நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி வளர்ந்த மதராசப்பட்டினத்தில் வீடுகளுக்கு வரி போட வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1680களில் முயன்றது. கோட்டைக்கு வெளியே இருந்த மக்கள் எதிர்த்தார்கள். லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த ஜோசையா சைல்டு ஒரு யோசனை கண்டுபிடித்தார். நாம் அதிகாரத்தைக் காட்டிப் பிடுங்கும் ஆறு பென்ஸைவிட, மக்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ளும் ஐந்து ஷில்லிங்கை மனமுவந்து தருவார்கள் என்பதுதான் அந்த யோசனையின் சாரம். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். அதாவது பத்து மடங்கு! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு மேலே போகலாம்.

30 டிசம்பர் 1687 தேதியிட்ட சாசனம் மதராசுக்கு ஒரு மாநகராட்சியைக் கொடுத்தது. 29 செப்டம்பர் 1688 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மேன்கள், அறுபது பர்ஜெஸ்கள் கொண்ட அமைப்பு. ஆல்டர்மேன் என்றால் மூத்த உறுப்பினர். ஆங்கிலேயர் மட்டுமின்றிப் போர்த்துகீசியர், யூத வைர வணிகர், உள்ளூர் இந்து வணிகர் ஆகியோரும் அந்தப் பன்னிரண்டு பேரில் இருந்தார்கள். கருணையால் நேர்ந்ததில்லை இது. வரி கொடுக்க வேண்டிய சமூகங்களின் பெரியவர்களை அவையில் உட்காரவைத்தால் வரி வரும் என்ற கணக்கு.

முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். அப்போது கோட்டையின் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் இவர்தான். கவர்னர், மேயர் இருவருமே அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்பது ஒரு சுவையான தற்செயல்.

ஆசிரியர்களாகிய நமக்கு அந்தச் சாசனத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. மேயரும் ஆல்டர்மேன்களும் எதற்காக வரி விதிக்கலாம் என்று அது சொல்கிறது. நகர மண்டபம் கட்ட, சிறைச்சாலை கட்ட, உள்ளூர்க் குழந்தைகளுக்கு ஆங்கிலம் பேச, படிக்க, எழுதவும் கணக்கும் வணிகக் கணக்கேடும் கற்றுக்கொடுக்கவும் ஒரு பள்ளிக்கூடம் கட்ட, பள்ளி ஆசிரியர் உள்ளிட்ட ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க. கம்பெனிக்குக் குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள் என்பது தெரிந்ததே. ஆனாலும் இந்த மண்ணில் மேயர் என்ற பதவியை உண்டாக்கிய ஆவணத்திலேயே பள்ளிக்கூடமும் ஆசிரியர் சம்பளமும் இடம்பெற்றிருக்கின்றன. இன்றும் நம் நகராட்சி, மாநகராட்சிகளின் சொத்து வரிக்குள் 'கல்வி வரி' என்று ஒரு பகுதி உண்டு. வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொல்லி அந்த வரியை மாணவர்களே கண்டுபிடிக்கச் செய்தால், 1688ஆம் ஆண்டு அவ்வளவு தொலைவில் இருப்பதாகத் தோன்றாது.

யோசனை நினைத்தபடி பலிக்கவில்லை. அவையில் பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டதால் மட்டும் மக்கள் வரி கட்டிவிடவில்லை. 1726இல் புதிய சாசனம் வந்தபோது மேயரின் வேலையே மாறிப்போனது. மேயரும் ஒன்பது ஆல்டர்மேன்களும் சேர்ந்து 'மேயர் நீதிமன்றம்' ஆனார்கள்; பம்பாயிலும் கல்கத்தாவிலும் இதே ஏற்பாடு. பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் மதராஸ் மேயரிடம் போனவர்கள் பெரும்பாலும் சாக்கடைக்காகப் போகவில்லை, கடன் வழக்குக்காகவும் சொத்து வழக்குக்காகவும் போனார்கள். 1798இல் அந்த நீதிமன்றத்தின் இடத்துக்கு வேறொன்று வந்தது. பிறகு மேயர் என்ற பெயரே நகர நிர்வாகத்திலிருந்து மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கமிஷனர்களும் பிரசிடெண்டுகளும் நகரத்தை நடத்தினார்கள். 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார்; அவர் பெயரில்தான் 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை நிற்கிறது. 1933இல்தான் சென்னைக்கு மேயர் என்ற பட்டம் திரும்பக் கிடைத்தது. அப்போது மேயரானவர் குமாரராஜா எம்.ஏ. முத்தையா செட்டியார்.

1971இல் மதுரை மாநகராட்சியாகும் வரை தமிழ்நாட்டில் மேயர் இருந்த ஊர் சென்னை ஒன்றுதான். மதுரையின் முதல் மேயர் 'மதுரை முத்து' என்று அறியப்பட்ட முத்து. இராஜாஜி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் வகித்த பதவியை மேயர் என்று எழுதும் மாணவர்கள் உண்டு. அவர்கள் இருவரும் நகராட்சித் தலைவர்கள், அதாவது சேர்மன்கள். அந்தக் காலத்தில் அந்த ஊர்களில் மேயர் என்ற பதவியே கிடையாது.

குடவோலையின் வாரிசா?

உள்ளாட்சி என்றதும் நாம் உத்திரமேரூருக்குப் போய்விடுகிறோம். போக வேண்டியதுதான். ஆனால் குடவோலையிலிருந்து நேராக மேயருக்குக் கோடு இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்வது தலைவர் தேர்தலைப் பற்றியதில்லை. முப்பது குடும்புகளிலிருந்து சீட்டு எடுத்து வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒன்று, ஆண்டு முழுமைக்குமான சம்வத்சர வாரியம் ஒன்று. வாக்கு எண்ணிக்கை இல்லை, குலுக்கல்தான். பதவிக்காலம் 360 நாள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் போட்டியிலேயே இல்லை. நிலமும் சொந்த மனையும் கல்வித் தகுதியும் உள்ள, பிரம்மதேய ஊர்ச் சபையைச் சேர்ந்த ஆண்களுக்கு மட்டுமான ஏற்பாடு அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அங்கே 'பெரியவர்' என்று ஒருவர் இல்லை. வேலை முழுவதும் குழுக்களிடம். இன்றைய மாநகராட்சியில் இதன் சாயலைத் தேடினால் அதை மேயரிடம் காண முடியாது. நிலைக்குழுக்களிலும் கணக்குத் தணிக்கையிலும் காணலாம்.

இன்றைய மேயர் என்ன செய்வார்?

இப்போது மாணவர்களின் கேள்விக்கு வருவோம். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் நகராட்சிகள் பற்றிய பகுதியில் 'மேயர்' என்ற சொல்லே இல்லை. 1 ஜூன் 1993 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் எல்லா நகர அமைப்புகளுக்கும் பொதுவாகத் 'தலைவர்' என்று மட்டும் சொல்கிறது. ஐந்தாண்டுப் பதவிக்காலம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு, பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகள் ஆகியவற்றை அது தந்தது. தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டுவிட்டது.

அதனால்தான் தமிழ்நாட்டில் முறை மாறி மாறி வந்திருக்கிறது. 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாக மேயருக்கு வாக்களித்தார்கள். 1996இல் சென்னைக்கு அப்படித் தேர்வான முதல் மேயர் மு.க. ஸ்டாலின். 2006இல் வார்டு உறுப்பினர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மீண்டும் நேரடித் தேர்தல். 2022இல் மீண்டும் உறுப்பினர்கள் வழி. பழைய பதிப்புப் புத்தகத்தையோ வழிகாட்டியையோ வைத்துக்கொண்டு 'மேயர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்' என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். எந்த ஆண்டுத் தேர்தல் என்று சேர்த்துச் சொல்வது நல்லது.

மேயர் மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். வரவுசெலவுத் திட்டம், வரி, பெரிய பணிகள் எல்லாம் மாமன்றத்தின் தீர்மானமாகத்தான் வர வேண்டும். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைமை தாங்குபவரின் வாக்கு முடிவு செய்யும். மாநகரத்தின் முதல் குடிமகன் அல்லது குடிமகள் என்ற மரியாதையும் அவருக்கு உண்டு. ஆனால் நிறைவேற்றும் அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. ஆணையரை நியமிப்பது மாநில அரசு. ஒப்பந்தம், ஊழியர், கோப்பு, அன்றாடச் செலவு எல்லாம் அந்தப் பக்கம். தெருவில் சாக்கடை உடைந்தால் மேயரிடம் சொல்லலாம், கவுன்சிலரிடமும் சொல்லலாம். ஆள் அனுப்பும் உத்தரவு ஆணையர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும்கூட மாநகராட்சியிடம் இல்லை. 1978 முதல் அதற்குத் தனி வாரியம் இருக்கிறது. அங்கி அணிந்தவர் ஒருவர், வேலையை நடத்துபவர் இன்னொருவர். பிராங்கு அரண்மனையில் 'பெரியவர்' என்ற பட்டம் வேலையை நடத்தியவரிடம் இருந்தது. இங்கே பட்டம் ஒருவரிடம், வேலை வேறொருவரிடம்.

இப்போது ஊராட்சியைப் பாருங்கள். 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறைவேற்றும் அதிகாரியும் அவரே. காசோலையில் அவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடுகிறார்கள். தொகை சிறியது, எல்லை சிறியது. ஆனாலும் தன் எல்லைக்குள் தானே முடிவெடுத்துத் தானே செயல்படுத்தும் உரிமையில், எங்கள் ஊர்ப் பக்கத்துப் 'பிரசிடெண்டு' ஒரு மாநகர மேயரைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார். கிராமத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தங்கள் ஊர் சின்னது, அதன் பதவியும் சின்னது என்ற நினைப்போடுதான் பலரும் வகுப்புக்கு வருகிறார்கள்.

மற்ற நாடுகளில் மேயர் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு பதவிகள் ஒளிந்திருக்கின்றன. நியூயார்க் மேயர் நேரடியாகத் தேர்வாகி நிர்வாகத்தையும் தானே நடத்துகிறார். காவல்துறை ஆணையரை நியமிப்பவரும் அவரே. லண்டனில் இரண்டு மேயர்கள். 1189இலிருந்து வரும் பழைய பட்டம் நகரின் நடுவே உள்ள ஒரு சதுர மைல் பகுதிக்கு. 2000இல் உருவான புதிய பதவி முழு லண்டனுக்கும். இலங்கைத் தமிழில் மேயரை 'மாநகர முதல்வர்' என்கிறார்கள். கொழும்பு மாநகரின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர், 1937இல் பதவிக்கு வந்த இரத்தினசோதி சரவணமுத்து என்ற தமிழர். 'மையோர்' என்ற லத்தீனுக்கு மிக நெருங்கிய தமிழாக்கம் 'முதல்வர்'தான் என்பது என் எண்ணம். நம் மாநிலத்தில் அந்தச் சொல் வேறு பதவிக்குப் போய்விட்டதால் நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

நாம் வைத்துக்கொண்டது 'மாநகரத் தந்தை'. இந்தச் சொல்லை வகுப்பில் நான் தவிர்த்துவிடுகிறேன். 2022இல் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளில் 11இல் மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சிவகாசியின் முதல் மேயரும் ஒரு பெண், சங்கீதா இன்பம். சென்னைக்கு 28 வயதில் ஆர். பிரியா மேயரானார், 1957இல் தாரா செரியன் சென்னையின் முதல் பெண் மேயரானதை இதோடு சேர்த்துச் சொல்லலாம். இவர்களைத் 'தந்தை' என்று எழுத முடியாது. 'தாய்' என்று மாற்றினாலும் எனக்கு ஒப்புதல் இல்லை. பெற்றோரிடம் பிள்ளைகள் கணக்குக் கேட்பதில்லை, மேயரிடம் கேட்க வேண்டும். 'வணக்கத்திற்குரிய மேயர்' என்ற பழைய அழைப்பிதழ் வழக்கும் இப்படித்தான். ஆங்கிலத்தின் 'வொர்ஷிப்ஃபுல்' என்பதற்கு அந்தக் காலப் பொருள் 'மதிப்புக்குரிய' என்பது. மொழிபெயர்ப்பில் அது வணக்கமாகிவிட்டது.

அதிகாரம் குறைவென்றால் பயன் இல்லையா?

இந்தக் கேள்வியை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. இதற்கு விதிகளைச் சொல்வதைவிட ஒரு ஆளைக் காட்டுவது மேல்.

நம் மாவட்டத்துக் காமராசரின் அரசியல் ஆசான் தீரர் சத்தியமூர்த்தி. அவர் 1939இல் சென்னை மேயரானார். அப்போது மேயர் பதவி ஓராண்டுதான். நகரம் குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட வேண்டும் என்ற திட்டத்தை அவர் முன்னின்று வலியுறுத்தினார். உத்தரவு போடும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆங்கிலேய அரசிடம் பேசினார், மன்றத்தில் பேசினார், வேலை தொடங்கும்வரை விடவில்லை. நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. 1943 மார்ச்சில் காலமாகிவிட்டார். இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர்.

இன்னொருவர் நேதாஜி. 1924இல் சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தாவின் மேயரானபோது, சுபாஷ் சந்திரபோஸ் அந்த மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்தார்; நம் கணக்கில் ஆணையர் மாதிரி. 1930இல் அவரே மேயரானார். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவர் அவர். மேயரையும் ஆணையரையும் வேறுபடுத்திக் காட்ட மாணவர்கள் அறிந்த பெயர் இதைவிட வேறு கிடைக்காது.

மேயரே இல்லாமல் போன காலங்களும் உண்டு. சென்னையில் 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் கிடையாது. 23 ஆண்டுகள். தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகளுக்கு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 19 பிப்ரவரி 2022 வரை தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2016 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நகரத்துப் பிள்ளை, உள்ளாட்சிப் பாடம் வரும் ஆறாம் வகுப்புக்கு வந்தபோதும் தன் வார்டில் ஒரு கவுன்சிலரைப் பார்த்திருக்காது. தெருவிளக்கு எரிந்தது, குப்பை வண்டி வந்தது. இல்லாமல் போனது, "ஏன் எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை" என்று மன்றத்தில் எழுந்து கேட்கும் ஆள். அந்தப் பிள்ளைகளிடம் 'மாமன்றம்' என்ற சொல்லை எழுதிப் போட்டால் மட்டும் விளங்காது. நடத்திக் காட்ட வேண்டும்.

நான் நடத்தும் முறை இது. இரண்டு பாடவேளை போதும். வகுப்பைப் பன்னிரண்டு வார்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறது. பன்னிரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு மேயரைத் தேர்கிறார்கள். ஆணையரை நான் நியமிக்கிறேன், 'மாநில அரசு' நான் என்பதால். ஆணையரிடம் மட்டும் ஒரு தாள் கொடுக்கிறேன்: கையிருப்பு இவ்வளவு, கல்வி வரி வசூல் இவ்வளவு, சம்பளம் போக மிச்சம் இவ்வளவு. பிரச்சினை ஒன்றே ஒன்று. பள்ளிச் சுவரை ஒட்டிய வாய்க்கால் அடைத்துக்கொண்டது. இரண்டாம் பாடவேளையில் அதே நாடகத்தை, மேயரை வகுப்பு முழுவதும் நேரடியாகத் தேர்ந்தெடுத்து மீண்டும் நடத்துகிறோம்.

முதல் முறையில் மேயரும் உறுப்பினர்களும் எளிதில் ஒத்துப்போகிறார்கள். ஆனால் மற்ற மாணவர்கள், "எங்களைக் கேட்கவே இல்லையே" என்கிறார்கள். இரண்டாம் முறையில் மேயருக்குக் குரல் ஓங்குகிறது. ஆனால் ஏழு உறுப்பினர்கள் கூடி அவர் தீர்மானத்தைத் தோற்கடித்துவிடுகிறார்கள். எது நல்ல முறை என்ற விவாதம் அங்கே தானாகத் தொடங்கும். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. சட்டமன்றங்களே இன்னும் ஒரு முடிவில் நிற்காத விஷயம் அது.

கடந்த முறை நடத்தியபோது மேயராக இருந்த மாணவன் எழுந்து, வாய்க்காலை உடனே தூர்வார வேண்டும் என்று கம்பீரமாக அறிவித்தான். ஆணையராக இருந்த மாணவி தாளைப் பார்த்துவிட்டு, "தீர்மானம் எங்கே? பணம் எந்தத் தலைப்பில்?" என்று கேட்டாள். மேயர் என்னைப் பார்த்தான். பிறகு உறுப்பினர்கள் பக்கம் திரும்பி, "ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றான். ஐந்து கைகள்தான் எழுந்தன. மற்றவர்களோடு பேசிச் சம்மதிக்கவைக்க அவனுக்கு அந்தப் பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது.